ஈரமானவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது

எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் நனைவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். காய்வதற்குத்தான் வேண்டும்.

முல்காராவுக்கு இந்த நிலைமை வந்ததற்குக் காரணம் ஒரு சாசேஜ் ரோல். குளத்தைப் பார்வையிட வந்த நகரசபை உறுப்பினர் ஒருவர், வரவேற்பறையில் யாரோ அந்த இறைச்சி ரோலைத் தின்றபோது சிந்தியிருந்த தக்காளி சாஸில் கால் வைத்துச் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் உட்கார்ந்ததை நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். நகரசபை உடனே பிரிஸ்பேனிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தது. அவர் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆழமாக யோசித்து, இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஆபத்துகளுக்கெல்லாம் மூலகாரணம் தண்ணீர்தான் என்று கண்டுபிடித்தார். சாஸைப் பற்றி அவர் அறிக்கையில் ஒரு வார்த்தைகூட இல்லை.

தண்ணீரை எடுத்துவிடலாம் என்பதுதான் அவருடைய முதல் யோசனையாம். நீச்சல் குளம் என்பதால் அதில் சில நடைமுறைச் சிக்கல்கள் இருந்தன. ஆகவே தண்ணீர் இருக்கட்டும், அது மனிதர்கள் மேல் ஏறி வெளியே போவதைத் தடுப்போம் என்று முடிவாயிற்று. குளத்தையும் ஷவர்களையும் ஒரு பக்கம் விட்டு, உடைமாற்றும் அறைகளையும் வாசலையும் மறுபக்கம் விட்டு, நடுவே தரையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். அந்தப் பக்கம் ஈர மண்டலம். இந்தப் பக்கம் உலர் மண்டலம். கோட்டுக்கு மேலே ஒரு பலகை: ‘ஈரமானவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது.’

அதுவரை டிக்கெட்டும் ஐஸ்கிரீமும் விற்றுக்கொண்டிருந்த ஷெரில் போக், ஈர-உலர் கடப்பு அலுவலராகப் பதவி உயர்ந்தாள். கோட்டோரம் ஓர் உயரமான நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவள் அதில் ஏறி உட்கார்ந்த வாரத்தில்தான் மெர்வ் டினனின் கல்யாணமும் வந்தது.

மெர்வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கரும்பு ஆலையில் சின்ன ரயில் ஓட்டுகிறவன். அறுபதைத் தாண்டியவன். ரயிலைத் தண்டவாளம் எங்கே கொண்டு போகிறதோ அங்கே போய் வந்து பழகியவன் என்பதால், வாழ்க்கையிலும் கோடு என்று ஒன்று போட்டிருந்தால் அதைத் தாண்டத் தெரியாது. ஒரு ஈ காக்கை இல்லாத சந்திப்பில்கூட சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை காத்திருப்பான். டயர் கடை வைத்திருக்கும் அசுந்தா கவியோலியைக் காதலிக்க ஆரம்பித்து எத்தனை அறுவடை முடிந்திருக்கும் என்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. முதலில் ஆலை வேலை முடியட்டும் என்றான். பிறகு அவன் நாய்க்கு உடம்பு சரியில்லை. பிறகு புயல். ஒவ்வொரு தடவையும் கல்யாணம் தள்ளிப்போனது. இந்தத் தடவை அசுந்தா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“சனிக்கிழமை பதினோரு மணி. பவுல்ஸ் கிளப். நீ வரலைன்னா நான் அழ மாட்டேன் மெர்வ். நேரா போய்க் கடையத் திறப்பேன். அதுக்கப்புறம் உன் வண்டிக்கு டயர் மாத்தணும்னா நீ டவுன்ஸ்வில்தான் போகணும்.”

திருமணத்தை நடத்திவைக்க வேண்டியவள் நான். சட்டப்படி பதிவு பெற்றவள். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு நான்தான் கல்யாணம் செய்து வைத்தேன். பிரிந்தவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிறவர்களின் அந்த கிளப்புக்குச் சனிக்கிழமை காலை விருந்தினர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். மேசையில் பாவ்லோவா கேக் இருந்தது, ஐஸ் பெட்டியில் இறால் இருந்தது, அசுந்தாவின் அண்ணன் தம்பிகள் கையைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் இல்லை. அசுந்தா உள்ளே கண்ணாடி முன் உட்கார்ந்து, லிப்ஸ்டிக்கைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

குளம் சாலைக்கு அந்தப் பக்கம்தான். மெர்வ் தினமும் காலையில் நீந்துகிறவன், கல்யாண நாளென்று விட்டுவிடுகிற ஆளும் இல்லை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஷவருக்கு அடியில், நீல நிற நீச்சல் டிராயரோடு நின்றுகொண்டிருந்தான் மெர்வ். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவனுடைய சூட் ஹாங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாற்காலி மேல் ஷெரில்.

“நோலா!” என்றான் என்னைப் பார்த்ததும். “துண்டு கொண்டு வர மறந்துட்டேன்.”

“எங்க வச்ச?”

“இறாலைச் சுத்தி வச்சேன். ஐஸ் உருகக் கூடாதுன்னு.”

அவன் சொன்னது உண்மை. ஐஸ் பெட்டிக்குள் கோடு போட்ட துண்டு ஒன்றை நானே பார்த்தேன். அது இனி எந்த மாப்பிள்ளைக்கும் உதவாது.

“சரி, கிளம்பு. அப்படியே வா. மணி ஆகுது.”

“வர முடியாது, நோலா,” என்றாள் ஷெரில். “மெர்வ் இன்னும் உலரலை.”

“நடந்து போகப் போக உலர்ந்துடுவான்.”

“உலர்ந்தப்புறம்தான் நடக்கணும்.” ஷெரில் பலகையைக் கையால் காட்டினாள். மெர்வும் பலகையைப் பார்த்தான். அதில் எழுதியிருந்ததை அவன் அன்று காலையிலிருந்து எத்தனை தடவை படித்தானோ, இன்னொரு தடவை உதடசைத்துப் படித்தான்.

துண்டு வாடகைக்குக் கொடுப்பீர்களே, அது எங்கே என்று கேட்டேன். துண்டுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஏனென்றால் அவை ஈரமாகிவிடுகின்றன.

சுவரில் கை உலர்த்தும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஈர மண்டலத்தில்தான். அதன் கீழே தலையைக் கொடு என்றேன். மெர்வ் தயங்கினான். ஏற்கெனவே ஒரு தடவை தலையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறான் என்பது ஷெரில் சொல்லித்தான் தெரிந்தது.

“அது கைக்கு மட்டும். எழுதியே போட்டிருக்கு. கைன்னா மணிக்கட்டு வரைக்கும். முழங்கை வரைக்கும் நீட்டினாரு, சரி போகட்டும்னு கண்டுக்காம விட்டேன். அப்புறம் மண்டைய உள்ள விட்டாரு. அதை எப்படி நான் கைன்னு எடுத்துக்க முடியும்?”

“கை நல்லா காஞ்சிடுச்சு,” என்று மெர்வ் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். உண்மையில் அழகாகக் காய்ந்திருந்தன. மற்ற இடமெல்லாம் சொட்டியது.

நான் கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து நீட்டினேன். ஷெரில் நாற்காலியிலிருந்து இறங்கியே விட்டாள்.

“அது என்ன துணி?”

“பட்டு.”

“எங்கேர்ந்து வந்தது?”

“என் கழுத்துலேர்ந்து.”

“ஒருத்தர் மேல பட்ட துணிய இன்னொருத்தர் மேல போட விடமாட்டோம், நோலா. தொற்று வரும். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க கழுத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என் நாற்காலியில உக்காந்துட்டு நான் கழுத்துக்கு கழுத்து பாரபட்சம் பாக்க முடியாது.”

சரி, இயற்கையாகக் காயட்டும் என்று பார்த்தால், அது பிப்ரவரி மாதம், எங்கள் பக்கத்து மழைக்காலம். பிப்ரவரியில் முல்காராவில் எதுவும் காயாது. அலமாரியில் இருக்கும் தோல் செருப்பில் பாசி பிடிக்கும். உப்பு ஜாடியில் உப்பு கரைந்து கிடக்கும். அந்த மண்டபத்திலோ ஷவர் ஆவி வேறு. மெர்வ் மேல் இருந்த நீர் கீழே இறங்கும், அதே அளவு நீர் காற்றிலிருந்து வந்து அவன் மேல் உட்காரும்.

நாயைப் போல் உடம்பை ஒரு உதறு உதறச் சொன்னேன். உதறினான். ஷெரில் விசில் ஊதினாள். தெறிப்பு கூடாதாம். குதித்துப் பார்த்தான். ஈரத் தரையில் குதிக்கக் கூடாதாம். ஜன்னலோரம் கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது, ஆனால் ஜன்னல் உலர் மண்டலத்தில் இருந்தது. கடைசியில் உள்ளங்கையால் உடம்பை வழித்து நீரைக் கீழே தள்ளிவிட அனுமதி கிடைத்தது, அதுவும் நீர் வடிகால் பக்கமாகப் போகும்படி. மெர்வ் வடிகாலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஜன்னல் கண்ணாடி துடைக்கிறவன் போல் பயபக்தியோடு தன்னை வழிக்க ஆரம்பித்தான். தோளில் வழித்தான். மார்பில் வழித்தான். முதுகு எட்டவில்லை. நனைந்த கைகளை மட்டும் மறுபடி இயந்திரத்தில் காட்டிக் காயவைத்துக்கொண்டான், அதற்குத் தடை இல்லை.

“யப்பா மெர்வ்,” என்றேன் குரலைத் தாழ்த்தி. “ஒரே ஓட்டம். நான் அவள்கிட்ட பேச்சுக் கொடுக்கிறேன், நீ ஓடிரு. சூட்டை நான் எடுத்துட்டு வர்றேன்.”

“பலகை போட்டிருக்காங்களே, நோலா.”

“அங்க அசுந்தா லிப்ஸ்டிக்கைத் திறந்து திறந்து மூடிட்டு இருக்கா.”

மெர்வின் முகம் வெளுத்தது. அந்தச் சத்தம் அவனுக்கும் தெரியும்போல. ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு மேலே கொண்டு வந்தான். பாதத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் எனக்கும் ஷெரிலுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அவள் விசிலை ஊதியதும் மெர்வ் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அந்த விசில் சத்தத்துக்குத்தான் மேலாளர் க்ரேயம் பில்ச்சர் தன் அறையிலிருந்து வந்தார்.

க்ரேயம் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யாரைப் பார்த்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புன்னகைக்கும்படி அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பயிற்சி முடிந்த பிறகும் புன்னகை போகவில்லை. அவர் கையில் மஞ்சள் நிறத்தில் டார்ச் போன்ற ஒரு கருவி இருந்தது. முனையில் இரண்டு ஊசிகள்.

“வணக்கம் மெர்வ். இன்னைக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம் மெர்வ். கொஞ்சம் தோளைக் காட்டுங்க மெர்வ்.”

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே கையை நீட்டி, கருவியை மெர்வின் தோளில் வைத்தார். அது அலறியது.

“என்ன கருவி இது?” என்றேன்.

“சுவர்ல ஈரம் பாக்குறது. புயலுக்கப்புறம் நகரசபை வாங்கிச்சு. செங்கல்லு, சுண்ணாம்புப் பூச்சு, மரம், மூணுக்கும் தனித்தனி அளவு இருக்கு. மனுஷனுக்குத்தான் அளவு இல்ல. அதனால மனுஷனை மரம்னு வச்சுப் பாக்குறோம்.” மறுபடி வைத்தார். மறுபடி அலறியது. “இந்த மரத்துல இப்போதைக்குப் பெயின்ட் அடிக்க முடியாது, மெர்வ்.”

“பத்து நிமிஷத்துல அவனுக்குக் கல்யாணம், க்ரேயம்,” என்றேன். “உங்க சட்டம் எதுக்காக இருக்கு? யாரும் வழுக்கி விழக் கூடாதுன்னுதானே? அவன் மெதுவா நடந்து வந்தா யார் விழப்போறா?”

க்ரேயம் புன்னகையை ஒரு சுற்று பெரிதாக்கினார். இந்தக் கேள்விக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தவர் போல் தெரிந்தது.

“நோலா, இந்த விதி வந்ததுலேர்ந்து இங்க வழுக்கி விழுந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. ஒருத்தர்கூட! போன வருஷம் இதே வாரம் ரெண்டு பேர் விழுந்தாங்க. ஏன் இந்த மாற்றம்? வாரம் முழுக்கக் குளத்துக்கு வந்தவங்களே ஏழெட்டுப் பேர்தான். வராதவங்க வழுக்க மாட்டாங்க நோலா. இது எங்க ஆலோசகரே எதிர்பார்க்காத பலன். இப்படியே போனா அடுத்த கோடைக்குள்ள இந்தக் குளத்துல யாருமே இருக்க மாட்டாங்க. குவீன்ஸ்லாந்துலயே ரொம்பப் பாதுகாப்பான குளம்னு எங்களுக்குப் பேர் வரும். அந்த நேரத்துல மெர்வ் மாதிரி ஒருத்தர் நீந்திட்டு ஈரத்தோட வெளிய நடந்தா, இத்தனை பேர் வராம இருந்ததுக்கு என்ன மரியாதை?”

மெர்வ் தலைகுனிந்தான். வராமல் இருந்தவர்களுக்கு அவன் துரோகம் செய்துவிட்டது போல ஒரு குற்ற உணர்ச்சி அவன் முகத்தில் தெரிந்தது.

“ஈரத்தோடயே சூட்டைப் போட்டுக்கட்டுமா?” என்று மெல்லக் கேட்டான்.

க்ரேயமும் ஷெரிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது ஈரத்தை மறைச்சு வைக்கிறது, மெர்வ்,” என்றார் க்ரேயம் வருத்தத்தோடு. “நனைஞ்சதைவிட அது பெரிய தப்பு.”

அந்த நேரத்தில்தான் வாசல் கதவு சுவரில் மோதித் திறந்தது.

அசுந்தா ஒரு கையால் வெள்ளை கவுனைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். டயர் கழற்றிக் கழற்றி வலுவேறிய கைகள். இன்னொரு கையில், புத்தம் புதிதாய், மடித்தபடியே ஒரு பெரிய வெள்ளைத் துண்டு. ஆனால் எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் மெர்வை மட்டும் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

“ஓடிட்டேன்னு நினைச்சேன்,” என்றாள்.

“இல்ல அசுந்தா.”

“அண்ணன் வண்டிய எடுத்துட்டு உங்க வீட்டுக்கே போயிட்டான். நான்தான் ஐஸ் பெட்டியத் திறந்து பாத்தேன். துண்டைப் பாத்ததும் புரிஞ்சுது. உலகத்துலயே கல்யாணத்தன்னைக்கு இறாலுக்குத் தலை துவட்டி விட்டவன் நீ ஒருத்தன்தான்டா.” துண்டை நீட்டினாள். “இந்தா. துடைச்சுட்டு வா.”

ஷெரில் நடுவில் வந்து நின்றாள். அவளுடைய தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

“அது யாரு துண்டு, அசுந்தா?”

“என்னோடது.”

“அப்ப மெர்வ் பயன்படுத்த முடியாது. ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் பயன்படுத்தக் கூடாது. புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் விலக்கு.”

“நாங்க புருஷன் பொண்டாட்டிதான்.”

“எப்பலேர்ந்து?”

“இவன் வெளிய வந்த அடுத்த நிமிஷத்துலேர்ந்து!”

“அப்ப இன்னும் இல்ல,” என்றார் க்ரேயம், பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டவர் போல. “பாருங்க அசுந்தா, இது ரொம்பச் சுலபம். நீங்க மெர்வைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, உங்க துண்டை அவருக்குத் தாராளமாக் கொடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டோம். மெர்வ் உலர்ந்ததும், கல்யாணம் பண்ணிக்கக் கிளம்பலாம்.”

ஷவரிலிருந்து ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது. க்ரேயமின் முகத்தில் மட்டும், ஏதோ எங்கோ இடிக்கிறது என்பது போன்ற ஒரு நிழல் வந்து, புன்னகை அதை மூடிவிட்டது.

அசுந்தா கருவியைப் பார்த்தாள். “அது என்ன கையில?”

“ஈரம் பாக்குறது. மெர்வை மரம்னு வச்சுப் பாத்தோம்.”

“அது ஒண்ணுதான் நீங்க இன்னைக்குச் சரியாப் பண்ணது,” என்றாள். “இத்தனை வருஷமா நானும் மரம்னு வச்சுத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

அப்போது மெர்வ் பேசினான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“அசுந்தா, நான் கோட்டைத் தாண்டிடட்டுமா? நீ சொல்லு. தாண்டிடறேன்.”

அசுந்தா அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தில் என்னவோ இளகியது. நான் நினைத்தேன், வா என்று சொல்லிவிடுவாள், நகரசபை தோற்றுவிடும் என்று. ஆனால் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நோலா, கல்யாணம் கிளப்லதான் நடக்கணும்னு சட்டம் எதாவது இருக்கா?”

“இல்ல. நான் இருந்தாப் போதும். ரெண்டு சாட்சி வேணும். பெரியவங்களா.”

எல்லோரும் ஷெரிலையும் க்ரேயமையும் பார்த்தோம்.

க்ரேயம் பின்வாங்கினார். குளத்தில் பந்து கூடாது, கண்ணாடிப் பாட்டில் கூடாது, நாய் கூடாது என்பதற்கெல்லாம் விதி உண்டு. கல்யாணம் கூடாது என்று எங்கேயும் இல்லை. எங்கேயும் தடை இல்லாத ஒன்றை எதிர்கொள்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“தெறிப்பு இருக்குமா?” என்று கேட்டார்.

“இருக்காது.”

“ஓடுறது, குதிக்கிறது?”

“இந்த வயசுல எதுக்கு?”

“அரிசி வீசுவீங்களா? வடிகால்ல அடைச்சுக்கும்.”

“வீச மாட்டோம் க்ரேயம்.”

“அப்ப ஒண்ணே ஒண்ணுதான் யோசனையா இருக்கு. மோதிரம் மாத்தறப்போ கை கோட்டைத் தாண்டுமே...”

மெர்வ் தன் இரண்டு கைகளையும் தூக்கினான். க்ரேயம் கருவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது வாயே திறக்கவில்லை. புறங்கையில் வைத்தார். அதிலும் மௌனம். அந்த மண்டபத்தில் நகரசபையின் அங்கீகாரம் பெற்ற ஒரே மனித உறுப்பு மெர்வ் டினனின் கைதான்.

“மணிக்கட்டு வரைக்கும்தான்,” என்றாள் ஷெரில். ஆனால் அவள் குரலில் பழைய உறுதி இல்லை.

நான் கோட்டின் மேல் நின்றுகொண்டேன். நான் உலர்ந்தவள் என்பதால் ஒரு கால் அந்தப் பக்கம் இருப்பதில் ஆட்சேபம் இல்லை. அசுந்தா இந்தப் பக்கம், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. மெர்வ் அந்தப் பக்கம், நீல டிராயரில், முடிந்தவரை நிமிர்ந்து. ஷெரில் மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்தே சாட்சி சொல்லலாமா என்று கேட்டாள். இறங்கி வா என்றேன். இறங்கினாள்.

நான் ஆரம்பித்த அதே நேரத்தில் மழையும் பிடித்தது. எங்கள் ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. தகரக் கூரை மேல் ஒரே கொட்டு. நான் சட்டப்படி சொல்ல வேண்டிய வாசகங்களைக் கத்திக் கத்திச் சொன்னேன். இந்தப் பந்தம் வாழ்நாள் முழுமைக்கும் என்று நான் கத்தியபோது க்ரேயம், “மெர்வ், கொஞ்சம் பின்னால நில்லுங்க, மூக்கு நுனியிலேர்ந்து சொட்டுது!” என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார். மெர்வ் பின்னால் நகர்ந்து, கையை மட்டும் முன்னால் நீட்டினான்.

உறுதிமொழி சொல்லும் இடம் வந்தது. மெர்வ் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தானாம். தாள் சூட் பையில் இருந்தது. சூட் உலர் மண்டலத்தில் இருந்தது. எடுத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“அசுந்தா,” என்றான். “எனக்குப் பயமா இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நாய், புயல்னு சொன்னேன். நாய்க்கு ஒண்ணும் இல்ல. நீ தினமும் என்னைப் பாத்தா சலிச்சுப் போயிடுவியோன்னுதான். இப்ப நீ என்னை இந்தக் கோலத்துல பாத்துட்ட. இதுக்கு மேல பாக்க ஒண்ணும் இல்ல. நான் உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன்.”

“நாய்க்கு ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்,” என்றாள் அசுந்தா. “கையை ஒழுங்கா நீட்டு.”

மோதிரம் ஏறியது. அவளும் தன் வார்த்தைகளைச் சொன்னாள். மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மெர்வுக்குக் கேட்டது, அது போதும். கணவன் மனைவி என்று நான் அறிவித்தேன். முத்தம் கொடுக்கலாம் என்று வழக்கம்போல் வாயில் வந்துவிட்டது. இருவரும் கோட்டுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் முகத்தை நீட்டினார்கள்.

“துண்டு முதல்ல!” என்றார் க்ரேயம்.

அசுந்தா துண்டை விரித்து, கோட்டுக்கு மேலாக அவன் தலையில் போட்டு, வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்கிற வேகத்தில் துவட்டினாள். காது, கழுத்து, முதுகு. மெர்வ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். தன்னை யாரோ துவட்டிவிடுவது அவன் நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். க்ரேயம் கருவியைத் தோளில் வைத்தார், மார்பில் வைத்தார், முழங்காலில் வைத்தார். அது எங்கேயும் அலறவில்லை.

“உலர்ந்துட்டாரு,” என்று அறிவித்தார். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல் ஒரு சிறு உரையே நிகழ்த்திவிட்டார். “பாத்தீங்களா நோலா? விதி யாரையும் தடுக்கலை. விதி இல்லாம இருந்திருந்தா இவங்க இன்னைக்கு எங்கேயோ ஒரு கிளப்ல, நாலு பேர் மாதிரி சாதாரணமாக் கல்யாணம் பண்ணிட்டிருப்பாங்க. ஈரமா வந்த ஒரு பிரம்மச்சாரி, காஞ்ச கணவனா வெளிய போறாரு. இதை நான் நகரசபைக் கூட்டத்துல சொல்லுவேன். அடுத்த மாசத்துலேர்ந்து இதை ஒரு சேவையாவே கொடுக்கலாம். கட்டணம் என்னன்னு உக்காந்து பேசணும்.”

மெர்வ் அதற்குள் சூட்டை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டான். வெளியே வந்தபோது டை கோணலாக இருந்தது. அசுந்தா சரிசெய்தாள். துண்டை எடுக்கப் போனாள். அது இப்போது ஈரமாக இருப்பதால் கோட்டைத் தாண்ட முடியாது என்று ஷெரில் சொன்னாள், ஆனால் மன்னிப்புக் கேட்கிற குரலில். அசுந்தா விட்டுவிட்டாள்.

வாசல் கதவைத் திறந்தால் வெளியே எதுவும் தெரியவில்லை. தண்ணீர்ச் சுவர். எதிரே இருக்கும் பவுல்ஸ் கிளப் கலங்கலாக, எங்கோ ஆற்றுக்கு அடியில் இருப்பது போல் தெரிந்தது.

“நீ இங்கயே இரு,” என்றான் மெர்வ். “வண்டிய வாசல் வரைக்கும் கொண்டு வர்றேன். கவுன் நனைஞ்சிடும்.”

ஓடினான். மூன்று எட்டு வைப்பதற்குள் சூட் உடம்போடு ஒட்டிக்கொண்டது. டை தோளுக்குப் பின்னால் போயிற்று. பாதி வழியில் நின்று, சட்டைப் பையையும் பேன்ட் பையையும் தட்டிப் பார்த்தான். வண்டிச் சாவி உள்ளே பெஞ்சில் கிடந்தது. திரும்பி வாசலுக்கு ஓடிவந்தான்.

ஷெரில் வாசலில் நின்று கையை நீட்டித் தடுத்தாள். பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

“மெர்வ், ஈரமா இருக்கீங்க. உள்ள வர முடியாது.”

மெர்வ் மழையில் நின்றான். ஷெரிலைப் பார்த்தான். பலகை இருக்கும் திசையைப் பார்த்தான். பிறகு தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யாரும் அனுமதி கொடுக்காமல், சத்தம் போட்டுச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மழைத் தண்ணீர் வாய்க்குள் போகிறது, அதையும் துப்பிவிட்டுச் சிரிக்கிறான்.

அசுந்தா சாவியை எடுக்கவில்லை. கவுனைத் தூக்கிப் பிடித்திருந்த கையை விட்டாள். வாசற்படியை விட்டு இறங்கி, அவசரமே இல்லாமல் மழைக்குள் நடந்து போனாள். தலை அலங்காரம் இரண்டு நொடியில் கரைந்து முகத்தில் வழிந்தது. அவன் கையைப் பிடித்தாள். இருவரும் சாலையைக் கடந்தார்கள். சாலையில் வண்டி எதுவும் இல்லை. விளக்கு சிவப்பாகத்தான் இருந்தது. மெர்வ் நிற்கவில்லை.

கிளப் வாசலில் அசுந்தாவின் அண்ணன் தம்பிகள் கூச்சல் போடுவது மழையையும் மீறிக் கேட்டது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். க்ரேயம் அறிக்கை எழுத அறைக்குப் போய்விட்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பக்கத்தில் ஷெரில் வந்து நின்றாள். என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

“நோலா, உங்க கன்னம் ஈரமா இருக்கு.”

திரும்பி அவளைப் பார்த்தேன்.

“உன்னோடதும்தான்.”

அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விரலைப் பார்த்தாள். விதி விதிதான் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஈர மண்டலத்துக்குப் போய் நின்றுகொண்டோம். மழை விட்டபாடில்லை. எங்களுக்கும் காய்கிற அவசரம் இல்லை.